பச்சை உடம்புக்காரியிடம் எப்படிப் பேசுவது?

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள் என்றால் அது தெருவுக்கே தெரிந்த சேதி. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பிய நாள் முதல் வாசலில் செருப்புகள் குறையாது. பூண்டுக் குழம்பு வைத்தாச்சா, காதில் பஞ்சு வைத்திருக்கிறாயா, குழந்தை யார் ஜாடை, பால் நன்றாகச் சுரக்கிறதா என்று பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை பேச்சுக்கும் நடுவில் பச்சை உடம்புக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், "பாவம், அசதி" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது அசதிதான். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் அந்த முகம் தெளியவில்லை என்றால், அது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குக் கைகண்ட சிகிச்சைகளில் ஒன்று பேச்சு. வாசலில் வந்துபோகிறவர்கள் பேசும் பேச்சைச் சொல்லவில்லை. முறையாகக் கற்றுக்கொண்டு, வாரம் தவறாமல், ஒரு நோக்கத்தோடு பேசப்படும் பேச்சு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

முதலில் எது நோய், எது நோயில்லை என்று பார்த்துவிடலாம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும். சின்னச் சொல்லுக்கும் மனம் உடையும். பிரசவித்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது உண்டு. பத்துப் பதினைந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். மனச்சோர்வு அப்படி அடங்காது. எதிலும் பிடிப்பில்லாமல் போகும். குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பசி எடுக்காது. "நான் லாயக்கில்லாதவள்" என்ற நினைப்பு விடாமல் சுற்றும். குழந்தையைக் கையில் வாங்கும்போது உள்ளே ஒன்றும் தோன்றவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு அரிக்கும். வெளியே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பலரும் வாயைத் திறப்பதில்லை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரசவ ஜன்னி என்று சொன்னதில் ஒரு பகுதி அது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றோ இரண்டோ பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும். இல்லாத குரல்கள் கேட்கும், தூக்கமே இல்லாமல் பரபரப்பாள், குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவாள். இது பேசித் தீர்க்கிற விஷயமே இல்லை. காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய அவசரம். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். குழந்தையோடு அவளைத் தனியே விடக்கூடாது. உரிய மருத்துவம் கிடைத்தால் இதிலிருந்து நன்றாகவே மீள்கிறார்கள்.

மனச்சோர்வு ஏன் வருகிறது? நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் மளமளவென்று சரிகின்றன. எல்லாப் பெண்களுக்கும் சரிகின்றன. ஏன் சிலர் மட்டும் நோயில் விழுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் 2000-ல் வெளியிட்ட ஒரு சிறிய பரிசோதனை இதற்கு நல்ல விடை சொன்னது. கர்ப்பமாக இல்லாத 16 பெண்களுக்கு இந்த ஹார்மோன்களைக் கொடுத்து, கர்ப்ப கால அளவுக்கு ஏற்றிப் பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்டிருந்த 8 பேரில் 5 பேருக்கு மனம் மறுபடி சோர்ந்தது. அப்படி வந்திராத 8 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரிவு எல்லோருக்கும் ஒன்றுதான். சில உடம்புகள் அதைத் தாங்குவதில்லை. இது மனத்திடம் சம்பந்தப்பட்ட குறை என்று எண்ணிக் குமைகிற பெண்களுக்கு இந்த ஒரு தகவலையாவது யாரேனும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உடம்பு பாதிக் கதைதான். மீதிக் கதையை நம் தமிழ்நாட்டிலேயே கேட்டு எழுதியிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில் 359 பெண்களை நிறைமாதத்தை ஒட்டி ஒரு முறையும், பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறையும் சந்தித்துப் பேசினார்கள். 2002-ல் முடிவுகள் வெளிவந்தன. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்ற பட்டியலைப் படித்தால் நமக்குத் தெரிந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வரும்: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை, மாமியாரோடு மனக்கசப்பு, பெற்றவர்களோடு மனக்கசப்பு, கர்ப்பமாக இருந்தபோது நேர்ந்த துயரம், கை உதவிக்கு ஆள் இல்லாமை. இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 தாய்மார்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியான அலசல், சராசரியாக 22 சதவீதம் என்றது. அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல்.

பெற்றவர்களோடு மனக்கசப்பு என்பது இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தாய்வீடு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் ஆழ்ந்த நம்பிக்கை. திருச்சிக்காரர்களுக்கு அது தெய்வக் கதையாகவே இருக்கிறது. பேறுகாலத்தில் தனித்துக் கிடந்த இரத்தினாவதிக்குத் துணையாக அவள் தாய் பூம்புகாரிலிருந்து கிளம்பி வர, காவிரியில் வெள்ளம் வழிமறிக்க, மலைக்கோட்டை ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார், தாயுமானவர் ஆனார். அந்தச் சந்நிதியில் சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் வைத்து வேண்டிக்கொள்ளாத குடும்பம் இந்த ஊரில் குறைவு. பிரசவித்தவளுக்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அவள் பக்கம் நிற்பவராக இருக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது. எல்லாத் தாய்வீடும் அப்படி இருந்துவிடுவதில்லை. நகை பாக்கி, தங்கை கல்யாணம், அண்ணியின் முகச்சுளிப்பு, அப்பாவின் கடன் எல்லாம் அதே இரண்டு அறைக்குள்தான் இருக்கின்றன. தொட்டிலும் அங்கேதான் ஆடுகிறது.

இனி சிகிச்சைக்கு வருவோம். இரண்டு வகைப் பேச்சு சிகிச்சைகள் இந்த நோயில் நன்றாக ஆராயப்பட்டிருக்கின்றன. ஒன்று, எண்ணத்தையும் செயலையும் பிடித்துத் திருத்துவது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த வழியில் வளர்ந்தது. சோர்ந்த மனம் விலகி விலகிப் போகும். விலகியதால் நல்ல அனுபவங்கள் குறையும். குறைந்ததால் இன்னும் சோரும். இந்தச் சுழலை எண்ணத்தின் பக்கமிருந்தும் அறுக்கலாம், செயலின் பக்கமிருந்தும் அறுக்கலாம். மற்றொன்று, ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970-களில் உருவாக்கிய உறவுவழிச் சிகிச்சை. அது பெண்ணின் மனத்துக்குள் மட்டும் தேடாமல், அவளைச் சுற்றியிருக்கும் நாலு பேரைப் பார்க்கிறது. இழப்பு ஏதும் நேர்ந்ததா, யாரோடு தீராத பிணக்கு, புதிதாக ஏற்ற பொறுப்பு எது, தனிமையா என்று கேட்டு, அதில் ஒன்றிரண்டை எடுத்துப் பன்னிரண்டு வாரம் போல வேலை செய்கிறது. கணியம்பாடிப் பட்டியலை வைத்துப் பார்த்தால், நம் குடும்பங்களுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இது பொருந்தும். அமெரிக்காவின் அயோவாவில் 120 தாய்மார்களிடம் நடந்த சோதனை 2000-ல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் குணமானவர்கள், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? விளக்கத்துக்காக ஒரு சந்திப்பைக் கற்பனை செய்கிறேன். கிராப்பட்டிப் பக்கம் ஒரு வீடு. கணவர் சிங்கப்பூரில் வேலை. தினமும் ராத்திரி வீடியோ காலில் குழந்தையைப் பார்க்கிறார். குழந்தைக்கு ஒன்றரை மாதம். நகர்ப்புற செவிலியர் வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொல்கிறாள்: "பால் பத்தல சிஸ்டர். நான் அம்மாவா இருக்கவே லாயக்கில்ல."

நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் தெரிந்ததே. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. சுறாப் புட்டு செஞ்சு சாப்பிடு. குழந்தை முகத்தைப் பாரு, எல்லாம் மறந்துடும்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பெண்ணின் பேச்சு அதோடு நின்றுவிடும். குழந்தை முகத்தைப் பார்த்தும் மறக்கவில்லையே என்று அவள் தன் குற்றப் பட்டியலில் ஒன்றைக் கூட்டிக்கொள்வாள்.

பயிற்சி பெற்றவர் வேறு விதமாகப் போவார்.

"பால் பத்தலன்னு எப்போ தோணுச்சு?"

"ராத்திரி மூணு மணி இருக்கும் சிஸ்டர். அழுதுக்கிட்டே இருந்தான்."

"அப்போ கூட யாரு முழிச்சிருந்தா?"

"யாரும் இல்ல. அம்மா பாவம், பகலெல்லாம் ஓடுறாங்க. எழுப்ப மனசு வரல."

"அந்த நேரத்துல மனசுக்குள்ள என்ன ஓடுச்சும்மா?"

"எல்லாப் பொம்பளைக்கும் வர்றது எனக்கு மட்டும் வரலையேன்னு. இவர் வேற போன்ல, குழந்தை மெலிஞ்ச மாதிரி இருக்கேன்னு கேட்டார்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்?"

"ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"எடை அட்டையைக் கொண்டா. ரெண்டு பேரும் பார்ப்போம்."

அட்டையில் புள்ளிகள் ஏறுமுகமாகவே இருக்கின்றன. குழந்தை நாளொன்றுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். செவிலியர் அதை முதலிலேயே சொல்லிவிடுவதில்லை, அட்டையைக் காட்டி "என்ன தெரியுது?" என்று கேட்கிறார். "ஏறியிருக்கு" என்று அவளே சொல்கிறாள். மூன்று மணிக்குத் தனியாக விழித்திருக்கும்போது ஓடும் நினைப்பு ஒன்று, அட்டை சொல்வது வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவள் அன்றைக்குக் கற்றுக்கொள்கிறாள். வாரா வாரம் இதையே பழகினால், நினைப்பு வந்த உடனே நம்பிவிடாமல் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் கைவரும்.

அதோடு சந்திப்பு முடிவதில்லை. அவளுடைய அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை முடிவுசெய்கிறார்கள். ராத்திரிப் பால் கொடுத்ததும் குழந்தையைப் பாட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். இவள் மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்க வேண்டும். "உங்க பேரன் நல்லா வளரணும்னா இவ தூங்கணும்மா" என்று செவிலியர் சொன்னால் எந்தப் பாட்டியும் மறுக்கமாட்டார். அடுத்த வாரம் வந்ததும் முதல் கேள்வி, அது நடந்ததா, நடக்காவிட்டால் எது தடுத்தது என்பதுதான்.

பேரன் பேரைச் சொல்லிப் பாட்டியை வழிக்குக் கொண்டுவருவது என் கற்பனை இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை ஒட்டிய கிராமங்களில் அத்தீஃப் ரஹ்மான் குழுவினர் செய்த வேலையின் உயிர்நாடியே அது. அங்கே மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது? வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப் பெண்களுக்கு, பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு, சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். மனநோய் என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டுக் குழந்தையின் நலம் என்ற வாசல் வழியாக வீட்டுக்குள் போனார்கள். மாமியாருக்கும் அதில் சம்மதம், கணவனுக்கும் சம்மதம். படங்கள் வைத்த கையேடு ஒன்று. கேடு செய்யும் நினைப்பை அடையாளம் காண்பது, அதற்கு மாற்றான நினைப்பைத் தேடுவது, அதைச் செய்து பார்ப்பது என்று மூன்றே படிகள். நிறைமாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு சந்திப்பு, பிரசவத்துக்குப் பின் முதல் மாதத்தில் மூன்று, பிறகு மாதம் ஒன்றாக ஒன்பது.

2008-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கர்ப்பத்திலேயே மனச்சோர்வு கண்டிருந்த 900-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, சிகிச்சை கிடைத்த பகுதிகளில் 23 சதவீதத் தாய்மார்கள் மட்டுமே நோயில் இருந்தார்கள்; மற்றப் பகுதிகளில் 53 சதவீதம். ஒரு வருடம் முடிந்தபோது 27-க்கு 59. நான் இந்த ஆய்வை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் அதன் ஓர் ஏற்பாடு. ஒப்பீட்டுப் பகுதியிலும் பணிப் பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், அதே எண்ணிக்கையில். அங்கேயும் உட்கார்ந்தார்கள், பேசினார்கள், நலம் விசாரித்தார்கள். பயிற்சி மட்டும் இல்லை. அப்படியானால் இந்த 30 சதவீத வித்தியாசம் ஆள் போனதால் வந்ததில்லை. போனவர் எப்படிப் பேசினார் என்பதால் வந்தது. தெருவே வந்து நலம் விசாரித்தும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் பெண்ணைப் பற்றிய புதிர் எனக்கு இதைப் படித்தபோதுதான் விலகியது. தாய்மார்கள் தேறிய பகுதிகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்தது. தடுப்பூசியும் முழுமையாகப் போடப்பட்டது. குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்த முறையைத் தன் கையேடாகவே வெளியிட்டது.

இதற்கு முன்னோடி ஸ்காட்லாந்தில் நடந்தது. எடின்பரோவில் ஜான் காக்ஸ் குழுவினர் இந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சிறு படிவத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க, தமிழிலும், அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே குழு, வீட்டுக்குப் போகும் செவிலியர்களுக்குக் கேட்கும் கலையில் குறுகிய பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறையாக எட்டு வாரம் அனுப்பியது. பேச்சு கிடைத்த 26 பேரில் 18 பேர் முழுக்கத் தேறினார்கள். மற்ற 24 பேரில் 9 பேர். சின்ன ஆய்வுதான். ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்ட நிபுணர் இல்லாமலே இது நடக்கும் என்ற துணிச்சலை அது கொடுத்தது.

நம் நாட்டில் கோவாவில், தாய்மார்களே அக்கம்பக்கத்துத் தாய்மார்களுக்குத் தோழியாகப் போய்ப் பேசும் முறையை 280 பெண்களிடம் சோதித்தார்கள். 2019-ல் வந்த முடிவில், ஆறாம் மாதத்தில் நோய் தணிந்தவர்கள் 73 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 60. ராவல்பிண்டி அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அறிகுறிகளின் கடுமையிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. பேச்சு மந்திரம் இல்லை என்பதற்கு இந்த ஆய்வு சாட்சி. யார் பேசுகிறார், எத்தனை முறை, அவருக்குப் பின்னால் மேற்பார்வைக்கு ஆள் உண்டா என்பதையெல்லாம் பொறுத்துப் பலன் கூடும், குறையும்.

பேச்சு போதாத இடங்களும் உண்டு. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலவே வேஷம் போடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது தவறு. நோய் கடுமையாக இருந்தால் மாத்திரை வேண்டும். பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிடவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலக்கின்றன. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்தது அடி உதை நடக்கும் வீடு. அங்கே போய் அந்தப் பெண்ணின் எண்ணத்தைத் திருத்தப் பார்ப்பது அநியாயம். அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண் அதற்காகத்தான் இருக்கிறது.

திருச்சிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. 1996-97-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் ஒன்று திருச்சி. மனநல சேவையைப் பெரிய ஆஸ்பத்திரிகளின் சுவரைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுவருவது அதன் நோக்கம். இன்றைக்கு எடமலைப்பட்டி புதூர் போன்ற பகுதிகளில் மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. கர்ப்பம் பதிவான நாளிலேயே ஒவ்வொரு பெண்ணுக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். (தாய்-சேய் நலப் பதிவு) எண் கொடுத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் தடுப்பூசி. புதன்கிழமை தோறும் தாய்மார்கள் தாங்களாகவே வருகிறார்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான வாரங்களை யாரும் புதிதாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. குழந்தையை எடை போடும் நேரத்தில் அந்தப் பத்துக் கேள்விகளையும், பக்கத்தில் மாமியாரோ கணவரோ இல்லாத ஓர் இடத்தில் வைத்து, கேட்டுவிட முடியும்.

ஒரு சிக்கல் மட்டும் நமக்கே உரியது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைப்போம். லால்குடிக்கோ மணப்பாறைக்கோ போய்விட்டால் செவிலியர் வேறு, சுகாதார நிலையம் வேறு. தாய்வீட்டில் கிடைத்த கொஞ்ச நஞ்ச ஓய்வும் அங்கே இருக்காது. பேச்சு சிகிச்சை தொடங்கியிருந்தால் பாதியில் அறுபடும் இடம் அதுதான். ராவல்பிண்டியில் பிரசவத்துக்குப் பின் பத்து மாதம் வரை தொடர்ந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசி விவரம் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணோடு ஊர் விட்டு ஊர் போகும்போது, இந்தத் தாயை வாரம் ஒரு முறை பார்த்துப் பேச வேண்டும் என்ற குறிப்பும் கூடவே போக வழிசெய்தால், புதிய கட்டடமோ புதிய துறையோ தேவைப்படாது. ஏற்கெனவே வீடு தேடி வரும் செவிலியர்களுக்குப் பயிற்சியும், அந்தப் பேச்சுக்கென்று வேலை நேரத்தில் ஓர் அரை மணியும் ஒதுக்கினால் போதும். இப்போதுள்ள பதிவேட்டு வேலைகளின் தலையில் இதையும் ஏற்றிவைத்தால் நடக்காது.

அந்த ஏற்பாடு வரும் வரைக்கும் காத்திருக்க முடியாத வீடுகள் இன்றைக்கே இருக்கின்றன. எடின்பரோ படிவத்தின் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. அதற்கு ஒரு பெண் ஆமாம் என்றால் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகும் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, யாராவது கேட்டார்களே என்று பெரும்பாலும் மனம் இளகத்தான் செய்கிறது. உடனே புறப்பட முடியாவிட்டாலும், யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டாலும் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அந்தப் பெண்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. அவளுடைய அம்மா பேசலாம், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த கணவர் பேசலாம்.